தலை தீபாவளிக்கு மலையேறிய ஜிம்மி

தீபாவளிக்கு நாயை விட்டுப்போக இடம் கேட்டு இப்போதே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று நேற்று உங்களில் ஒரு பெண் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள். அடி பைத்தியமே, போன் அடிக்காத தொழிலை வைத்துக்கொண்டு என்ன செய்வதாக உத்தேசம்? அடிக்கிற வரைக்கும் சந்தோஷப்படு.

நீங்கள் எல்லாரும் முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள். எந்த ஊசியை எப்போது போடுவது, எந்த நாய்க்கு எவ்வளவு சோறு, கொட்டகையை எதைப் போட்டுக் கழுவுவது, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை. நம்பி விட்டுப்போன நாய் பண்டிகை நோம்பி நாளில் தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் உங்களுக்கு யாரும் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் எடுக்கவில்லை. ஒரு தீபாவளி அன்று சேற்றில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன். நடுவில் யாரும் போனை எடுத்துப் பார்க்கக் கூடாது, ஆமாம்.

தொண்ணூறுகளின் கடைசியில், மலைமேல் செம்மேட்டிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போகிற ரோட்டோரம், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தகரம் போட்ட கொட்டகைகளோடு நான் தொடங்கினேன். முதலில் நாய்களைப் பழக்குகிற வேலை மட்டும்தான். ஊர்க்காரர்கள் எனக்கு 'நாய் டீச்சர்' என்று பேர் வைத்தார்கள். போகப்போக நாயை விட்டுவிட்டு டீச்சர் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்து டீச்சர் என்று நினைத்துச் சில பேர் கும்பிடுவார்கள். நானும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்வேன், வருகிற மரியாதையை ஏன் விடுவது?

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தீபாவளிக்கு வெடிச் சத்தம் அதிகம் கேட்காது. இந்தச் சேதி எப்படியோ கீழ்நாட்டில் சேந்தமங்கலம், ராசிபுரம் வரைக்கும் பரவிவிட்டது. "வெடி போட்டா நாயி கட்டிலுக்கடியில பூந்துக்கிட்டு நடுங்குதுங்க, ரெண்டு நாளு உங்ககிட்ட இருக்கட்டுங்க" என்று ஜீப்பிலும் காரிலும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். செம்மேட்டு டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "மனுசன் நோம்பிக்கு ஊருக்குப் போக பஸ்ஸுல நிக்க எடமில்ல. நாயி மலைக்கு டூரு வருது பாரு!"

வருகிறவர்களுக்கு நான் சொல்லி வைத்திருந்த ஒரே கட்டளை இதுதான்: வீட்டில் உடுத்திக் கழற்றிப் போட்ட துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். புது இடத்தில் நாய் அதில் மூக்கை வைத்துக்கொண்டுதான் தூங்கும். ஆனால் நம் பக்கத்து ஜனங்களிடம் இதை வாங்குவது லேசுப்பட்ட காரியமா? வேறு வீட்டுக்கு ஒரு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால்கூடப் புளிபோட்டு விளக்கிக் கொடுக்கிறவர்கள். அழுக்குத் துணியைக் கையில் கொடுப்பார்களா? எல்லாரும் பளபளவென்று துவைத்து, மடித்து, சில பேர் இஸ்திரிப் பெட்டியும் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒருவர் மூலையில் மஞ்சள் தடவிய புதுத் துண்டோடு வந்தார். நாய்க்குச் சீர் செய்கிறாராம். நான் கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம்.

ஜிம்மியும் அப்படித்தான் வந்தது. காரவள்ளிக்குக் கீழே தோட்டத்து வீட்டிலிருந்து ஓர் அம்மா ஜீப்பில் கொண்டுவந்தார். வளைவில் வாந்தி எடுத்துவிடும் என்று வெறும் வயிற்றோடு கூட்டிவந்திருந்தார், அந்த மட்டுக்கும் நல்ல காரியம். உடம்பு நாட்டு நாய், வால் மட்டும் பொமரேனியன். வெள்ளை வெளேரென்று சீயக்காய் வாசத்தோடு இறங்கியது. நெற்றியில் குங்குமம். கழுத்தில் புதுச் சிவப்பு பெல்ட். ஆனால் குளிப்பாட்டி அலங்காரம் பண்ணியும் மறைக்க முடியாத ஒன்று இருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"ஏனுங்க, இதுக்குச் சோறு போடறீங்களா இல்லீங்களா?" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

"போடறேனுங்க டீச்சர். மோந்து பாத்துட்டுப் போயி வாசல் கேட்டுகிட்டப் படுத்துக்குது. கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்க."

"யாரு சோறு வெப்பீங்க?"

"நாந்தானுங்க."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. சோறு வைத்தது அவர்தான். ஆனால் என் கேள்விதான் பிசகு. சோறு வைப்பவர் யாரென்று கேட்டுவிட்டு, இந்த நாய்க்கு உடையவர் யாரென்று தெரிந்துகொண்டதாக நான் நினைத்துவிட்டேன். நீங்கள் அப்படிக் கேட்காதீர்கள். யார் வெளியே போனால் இது வாசலில் காத்துக்கொண்டிருக்கும் என்று கேளுங்கள். கொண்டுவந்து விடுகிறவர் ஒருத்தராக இருப்பார், நாயின் மனசு இன்னொருத்தரிடம் இருக்கும்.

துணி கேட்டேன். வாசம் பிடிக்கிற சோப்பில் துவைத்த போர்வையை எடுத்து நீட்டினார். நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, "அழுக்குத் துணியக் கொண்டாந்து உங்க கையில குடுப்பனுங்களா டீச்சர்? எங்களைப் பத்தி என்ன நெனப்பீங்க?" என்றார். இதற்கு மேல் என்ன சண்டை போடுவது? வாங்கி வைத்துக்கொண்டேன். பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன், கொஞ்சம் தளர்வாக இருந்தது. "புதுசுங்க, இறுக்குனா வலிக்குமேன்னு ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கறனுங்க" என்றார். அதைச் சரிசெய்து கட்டினேன். அவர் போன பிறகு ஜிம்மி ரோட்டைப் பார்த்துப் படுத்தது. ராகிக் களியைக் கறிச்சாற்றில் கரைத்து வைத்தேன், தலையைத் தூக்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் அந்த வேன் வந்தது. கீழிருந்து நோம்பி விடுமுறைக்கு மலை சுற்றிப் பார்க்க வந்த கூட்டம். என் வேலியை ஒட்டி நிறுத்தினார்கள். இளவட்டங்கள். நான் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பதற்குள் ஒரு சரவெடியை நடுரோட்டில் நீட்டிக் கொளுத்திவிட்டார்கள். கொட்டகைக்குள் இருந்த நாய்கள் எல்லாம் கத்தித் தீர்த்தன. ஜிம்மியை அப்போதுதான் பெல்ட்டைப் பிடித்து வெளியே கொண்டுவந்து, சோற்றை ஊட்டிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது கத்தக்கூட இல்லை. நான் இறுக்கிக் கட்டியும், எலும்பும் தோலுமாக இருந்த கழுத்தைப் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டது. சிவப்பு பெல்ட் என் கையில் நின்றது, நாய் வேலிச் சந்தில் பாய்ந்து மிளகுக் கொடிகளுக்குள் போய்விட்டது.

வேலிக்கு வெளியே வந்து ஆள் கூப்பிட்டுக் கத்தினேன்.

பக்கத்து வெள்ளாமைக் காட்டில் குச்சிக்கிழங்கு, அதான் மரவள்ளி, போட்டிருந்த செல்லம்மா ஓடிவந்தாள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்கும் அவளுக்கும் ஒரே வயது, தினமும் ஒரு சண்டை போடாமல் எங்களுக்குப் பொழுது போகாது. இரண்டு பேரும் சாரல் மழையில் தேடினோம். அவள் காட்டுக்கு அந்தப் பக்கம் புளியஞ்சோலைக்கு இறங்குகிற சரிவு. கீழே வரைக்கும் அடர்ந்த காடு. அதில் இறங்கிவிட்டால் அந்த நாயை மறந்துவிட வேண்டியதுதான். உடம்பில் சத்தே இல்லாத நாய், ஐப்பசி மழை, மலைக் குளிர். எத்தனை நேரம் தாங்கும்?

தகவல் தெரிந்து ஊர்க்காரர்கள் ஓடிவந்தார்கள். ரொம்ப நல்ல மனசு. கையில் தடியும் தகரமுமாக வந்து நின்றார்கள். பன்றியை வளைக்கிற மாதிரி நாலு பக்கமும் நின்று சத்தம் போட்டு இந்தப் பக்கம் ஓட்டிவிடலாம் என்றார்கள். கும்பிட்டுத் திருப்பி அனுப்பினேன். இந்த இடத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உதவிக்கு வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துவது போலக் கஷ்டமான வேலை நம் தொழிலில் வேறு இல்லை. அவர்களுக்கு மனசு வருத்தமாகும், திமிர் பிடித்தவள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பயந்து ஓடுகிற நாயின் பின்னால் நாம் எத்தனை பேர் ஓடுகிறோமோ அத்தனை தூரம் அது கூடுதலாக ஓடும்.

பொழுது சாய்வதற்குள் இன்னொரு கேள்வி வந்து நின்றது. வீட்டாருக்குச் சொல்வதா, வேண்டாமா?

செல்லம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சரம்மா, விடிஞ்சா தீவாளி. நல்ல நாளும் அதுவுமா ஒரு ஊட்டுக்குக் கெட்ட சேதி சொல்லுவாங்களா? நாளைக்கித் தேடுவோம். கெடச்சிருச்சுன்னா அவங்களுக்குத் தெரியவே வேண்டாம்."

நியாயமான பேச்சுதான். நல்ல நாளில் துக்கச் செய்தியைக்கூட ஒரு வேளை தள்ளிச் சொல்கிற ஊர் இது. நானும் அப்படியே விட்டிருப்பேன், எனக்கும் அதுதான் சௌகரியம். ஆனால் அந்த நாய் என்னைக் கண்டு வராது என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு வாய் சோறு தின்னாத நாய் நான் கூப்பிட்டா வரப்போகிறது? அதற்கு உடையவர் வந்தால்தான் உண்டு. நான் வெட்கப்பட்டுக்கொண்டு தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாழிகையும் அதன் உயிரில் கழியும். செம்மேட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். செல்போன் எல்லாம் மலையேறாத காலம்.

அந்த அம்மாதான் எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். உடனே குரலை இறக்கிக்கொண்டு, "மெதுவாப் பேசுங்க டீச்சர். மாப்பிள்ளை வந்துட்டாருங்க. பக்கத்து ரூமுல இருக்காரு" என்றார்.

"மாப்பிள்ளைக்கும் நாய்க்கும் என்னங்க?"

அப்போதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. ஜிம்மி அவர் நாயே இல்லை. மகள் கவிதாவின் நாய். குட்டியாகத் தூக்கிவந்து அவள்தான் வளர்த்தாள். வைகாசியில் கல்யாணமாகித் திருச்செங்கோட்டுப் பக்கம் போனாள். மாப்பிள்ளைக்கு நாய் என்றால் பயம். சின்ன வயதில் நாய் கடித்து, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டு, அந்தக் கலவரம் இன்னும் தெளியவில்லை. கூட்டிக்கொண்டு போகவா என்று கவிதா கேட்கவே இல்லையாம். புதுப்பெண், முதல் பேச்சே நாயைப் பற்றியா பேசுவாள்? அவள் போன நாளிலிருந்து ஜிம்மி கேட்டுக்கு அருகிலேயே கிடந்தது. இப்போது தலை தீபாவளி. முதல்முறை விருந்துக்கு வருகிற மாப்பிள்ளை வாசலில் நாயைக் கண்டு மிரண்டு நின்றால் வந்திருக்கிற ஒறம்பரை, உறவுக்காரர்களுக்கு முன்னால் என்ன மரியாதை? அதனால் அந்த அம்மா நாயை மலைக்கு அனுப்பிவிட்டார். வெடிச் சத்தம் என்று என்னிடம் சொன்னது பாதி.

"வந்தவுடனே 'எங்கம்மா ஜிம்மி?'ன்னு கேட்டாளுங்க. டீச்சர்கிட்ட சுகமா இருக்குதுன்னு சொன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சுங்க. இப்ப காணோம்னு நான் எந்த வாயிலீங்க சொல்லுவேன்? விடிஞ்சா தலை தீபாவளிங்க."

"சொல்லித்தானுங்க ஆகோணும். உங்களுக்கு வாய் வரலீன்னா போனை அவகிட்டக் குடுங்க, நான் சொல்றேன்."

கவிதா வந்தாள். என்ன சொல்வாளோ, கத்துவாளோ, அழுவாளோ என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, அது கடைசியா எப்பங்க்கா சாப்ட்டுச்சு?"

"இங்க வந்து சாப்பிடவே இல்ல கண்ணு" என்றேன். பொய் சொல்ல நாக்கு வரவில்லை.

விடிந்ததும் வருவதாகச் சொன்னாள். நான் விவரமாகச் சொல்லிவிட்டேன். பயணத்தில் உடுத்திக் கழற்றிய சேலை இருந்தால் தண்ணீரில் போடாமல் கொண்டுவர வேண்டும். காலையில் எண்ணெய் தேய்க்க வேண்டாம், சீயக்காய் வேண்டாம், பூ வேண்டாம், பழைய சேலையில் வர வேண்டும். ரிசீவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்த அம்மாவின் குரல் கேட்டது. "தலை தீபாவளிக்கு எண்ணெய் தேச்சுத் தண்ணி வாக்காம அனுப்பறதாம்மா? ஊரு என்ற மூஞ்சியில காறித் துப்பாதா?"

மறுநாள் காலையில் வாடகை ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அப்பா ஒறம்பரையைக் கவனிக்க வீட்டில் நின்றுவிட்டார். அம்மா, கவிதா, மாப்பிள்ளை மூன்று பேரும். கவிதாவைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். மயில் கழுத்து நிறப் பட்டு, தலை நிறைய மல்லி, சந்தனம், நல்லெண்ணெயும் சீயக்காயும் கமகமவென்று. "அம்மா உடவே இல்லீங்கக்கா" என்றாள். ஆனால் கெட்டிக்காரி, நேற்றுக் கழற்றிய நூல் சேலையை அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பையில் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். அந்தப் பை மாப்பிள்ளை கையில் இருந்தது. மாமியார் வீட்டார் முன்னால் பெண்டாட்டி உடுத்தின சேலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோமே என்று மனிதர் கூசிப்போய், பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நெளிந்தார். ஆறடி உயரம், புது வேட்டி, புதுச் சட்டை. கொட்டகையில் ஒரு நாய் குரைத்ததும் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல வேளையாக அந்த நேரம் செல்லம்மா வந்தாள். அவள் காட்டின் கோடியில், சரிவு தொடங்குகிற இடத்தில், குச்சிக்கிழங்குச் செடிகளுக்குள் வெள்ளையாக ஏதோ படுத்திருக்கிறதாம். எல்லாரும் சத்தமில்லாமல் போனோம். ஜிம்மிதான். முழுக்கச் சேறு. மூச்சு விடுவது விலாவில் தெரிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா, "ஜிம்மீ!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். பட்டுச் சேலை சரசரவென்றது. ஜிம்மி எழுந்து நின்றது. ஒரு கணம் பார்த்தது. திரும்பிச் சரிவை நோக்கி ஓடி, விளிம்பில் நின்றுகொண்டு நடுங்கியது.

கவிதா அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, அதுக்கு என்னை அடையாளம் தெரியலீங்க்கா" என்றாள். அந்த முகத்தை என்னால் இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "பாவி நான், நாந்தான் கண்ணு எல்லாத்துக்கும்" என்று விம்ம ஆரம்பித்தார்.

அடையாளம் தெரியவில்லை என்று அவள் நினைத்தது தப்பு. அந்த நாய் பார்த்தது பளபளக்கிற, சத்தம் போடுகிற, வேறு வாசம் அடிக்கிற ஓர் உருவத்தை. அழுகையை அடக்கிக்கொண்டு கூப்பிட்ட அந்தக் குரலும் அது அறிந்த குரல் இல்லை. பயத்தில் இருக்கிற நாய்க்கு யோசிக்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். எல்லாரையும் உட்காரச் சொன்னேன். கூப்பிடக் கூடாது, பார்க்கக்கூடக் கூடாது, வாயை மூடிக்கொண்டு சேற்றிலேயே உட்கார வேண்டும் என்றேன். பட்டுச் சேலையோடு கவிதா முதல் ஆளாக உட்கார்ந்தாள். அம்மாவும் செல்லம்மாவும் உட்கார்ந்தார்கள். அந்தச் சேலையை வாங்கி வரப்பில் விரித்து வைக்கலாம் என்று திரும்பினால் மாப்பிள்ளையைக் காணோம்.

அவரை நான்தான் விரட்டியிருந்தேன். காட்டுக்குள் வரும்போதே, "மாப்பிள்ளைங்க, நீங்க பயந்தா அதுக்கும் தெரிஞ்சுபோகும். அக்கட்ட அந்தப் பாறைகிட்டப் போயி உக்காருங்க" என்று சொல்லியிருந்தேன். பையோடு போய்விட்டார். சரிவுக்குப் பக்கத்தில் ஒரு பாறை. எங்களுக்கும் நாய்க்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். பை மடியில் திறந்து கிடந்தது. உள்ளே சேலைக்கு மேலே மாமியார் கட்டிக் கொடுத்த முறுக்கு. காலையில் பலகாரம்கூடச் சாப்பிட விடாமல் கிளப்பிக் கூட்டிவந்தால் மனிதர் என்ன செய்வார், பசி. தலையைக் குனிந்துகொண்டு நறுக் நறுக்கென்று தின்றுகொண்டிருந்தார்.

போய்ப் பையை வாங்கினால் நாய் சரிவில் இறங்கிவிடும். வாங்காவிட்டால் துணி இல்லை. என்ன செய்வது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஜிம்மியின் மூக்கு ஆடியது. எங்களை விட்டுவிட்டுப் பாறைப் பக்கம் திரும்பியது. ஓர் அடி வைத்தது, நின்றது. வயிறு தரையில் உரசுகிற மாதிரி தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் போனது.

அட கடவுளே, அங்கேயா போகிறாய்! மனிதர் திரும்பிப் பார்த்து அலறினால் தீர்ந்தது. நான் எழுந்து ஏதாவது சொன்னாலும் தீர்ந்தது. என் தொழிலில் எத்தனையோ நாய்களை 'இரு' என்று சொல்லி இருக்க வைத்திருக்கிறேன். அன்றைக்கு என்னை நானே இருக்க வைத்தது போல ஒரு பாடு பட்டதில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜிம்மி அவர் முழங்கையை மோந்தது.

அவர் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை. முறுக்குப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு எங்களைத் தேடி, கவிதாவைக் கண்டுபிடித்து, அவளையே பார்த்தார். நடுக்காட்டில் ஓர் ஆறடி மனிதர் கண்ணாலேயே, "நான் என்ன செய்ய?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

கவிதா உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள். கூப்பிடுகிற குரல் இல்லை, அழுகைக் குரலும் இல்லை. சமையல்கட்டிலிருந்து கூடத்துக்குப் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள். "ஏனுங்க மாமா, ஒண்ணும் பண்ணாதுங்க. பையில என்ற சேலை இருக்குதல்லங்க, அந்த வாசத்துக்கு வந்திருக்குது. உங்க மேலயும் என்ற வாசந்தானுங்க அடிக்கும். அசையாம இருங்க போதும்."

அந்தப் பேச்சுக்குத்தான் ஜிம்மியின் காது நிமிர்ந்தது.

"எனக்குக் கை நடுங்குது கவிதா" என்றார் அவர், உதடு அசையாமல்.

"நடுங்குனா நடுங்கட்டுமுங்க. அதுக்குந்தான் நடுங்குது, பாருங்க."

அவர் பார்த்தார். அதுவரை நாய் என்றால் பல் என்றுதான் அவருக்குத் தெரியும். ஒரு நாய் பயத்தில் உதறுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். கையில் இருந்த முறுக்கை மெதுவாக, ரொம்ப மெதுவாகக் கீழே இறக்கினார். ஜிம்மி அதை வாங்கித் தின்றது. எத்தனையோ வேளைக்குப் பிறகு ஒரு வாய்! பிறகு பைக்குள் தலையை விட்டு, சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவர் மடியிலேயே சாய்ந்துவிட்டது. யாரும் சொல்லாமலே அவர் சேலைத் தலைப்பை உருவி அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்கள்கூட அத்தனை பதமாகப் பிடித்ததில்லை. பாறைகிட்டப் போய் உட்காருங்கள் என்று விரட்டிய வாயை என்ன செய்வது என்று தெரியாமல் நான் செல்லம்மாவைப் பார்த்தேன். அவள் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், குறும்புக்காரி.

கவிதா உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனாள். சேறெல்லாம் பட்டில் ஏறியது. பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். ஜிம்மி மோந்தது, சந்தனத்தையும் எண்ணெயையும் தாண்டி உள்ளே மோந்தது. கண்டுபிடித்ததும் போட்டதே ஒரு ஓலம்! அதை வாயால் சொல்ல எனக்குத் தெரியாது. உடம்பே வாலாக ஆடி, அவள் மேல் விழுந்து புரண்டு, சந்தோஷம் தாங்காமல் அந்தப் புதுப் பட்டிலேயே ஒன்றுக்கும் போய்விட்டது.

"பட்டு..." என்று ஆரம்பித்த அம்மா தானாகவே, "போனாப் போகுது, கழுவிக்கலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்குக் கூட்டிவந்து சுடுதண்ணீரில் துடைத்துவிட்டு, கழுத்தில் கயிறு போட்டு அதன் நுனியை மாப்பிள்ளை கையிலேயே கொடுத்தோம். ஜிம்மி கவிதாவின் கையால் களி தின்றது. அவசரப்பட்டு நிறையக் கொடுத்துவிடாதே என்று நான் தட்டைப் பிடுங்கப் பிடுங்க, அவள் எனக்குத் தெரியாமல் இன்னும் ஓர் உருண்டை கொடுத்தாள். செல்லம்மாவுக்கும் எனக்கும் அந்த அம்மா கொண்டுவந்த அதிரசம் கிடைத்தது. எல்லாரும் சிரித்துப் பேசினோம். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நாளை மறுநாள் கவிதா புருஷன் வீட்டுக்குப் போவாள். இந்த நாய் மறுபடியும் கேட்டுக்கு அருகில் போய்ப் படுக்கும். அதற்கப்புறம்?

கிளம்புகிற நேரத்தில் அம்மா தயங்கித் தயங்கி, "டீச்சர், அவிய ஊருக்குப் போற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டுங்களா?" என்றார். கவிதா நாயின் காதைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அவள் கேட்க மாட்டாள். கேட்காமலே இருந்து பழகிவிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? அவர்கள் குடும்பத்துக்குள் மூக்கை நுழைக்க எனக்கு உரிமை இல்லை. இதையும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன், நம்மிடம் விடுவது நாயை மட்டும்தான். வாயைக் கட்டிக்கொண்டு கயிற்றுக்குக் கையை நீட்டினேன்.

மாப்பிள்ளை கயிற்றைக் கொடுக்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார். சேறு காய்ந்த வேட்டியை ஒரு கையால் தட்டினார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், வேறு யாரையும் பார்க்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டு வாசல்ல போர்வெல் போடற ரிக் வண்டி நிக்குமுங்க. கிளப்புனா வெடியாட்டத்தான் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு இதைப் பழக்க முடியுங்களா?"

அந்த அம்மா பிடித்திருந்த பலகாரத் தூக்குப் போசியைக் கீழே வைத்துவிட்டார். கவிதா தலையைத் தூக்கவில்லை, காதைத் தடவிய கை மட்டும் நின்றுவிட்டது.

"பழக்கலாமுங்க" என்றேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். "கொஞ்சங் கொஞ்சமாப் பழக்கோணும். ஆனா அதை எங்கிட்ட உட்டுட்டுப் போனா ஆகாது. யாரு வண்டியக் கிளப்பறாங்களோ அவிய கையிலதான் கத்துக்கோணும். நீங்கதான் கூட்டிட்டு வரோணும்."

அவர் ஜிம்மியைப் பார்த்தார். அது அவருடைய செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. காலை உருவிக்கொள்ளலாமா என்று அவர் ஒரு நொடி யோசித்தது எனக்குத் தெரிந்தது. உருவிக்கொள்ளவில்லை.

"வாரேனுங்க" என்றார்.

முதல் நாள் போனில் அழாத, குச்சிக்கிழங்குக் காட்டில் அழாத அந்தப் பெண் அப்போது அழுதாள். என் வாசல் என்றும் பாராமல், அம்மா நிற்கிறாரே என்றும் பாராமல், அவர் முழங்கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் ஒரு கையில் நாயையும் ஒரு கையில் அவளையும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் அசையாமல் நின்றார்.